கற்பகத்தின் பெயரில் ஓடிய நகல்

ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்தவன் நான்.

அவளைத் திருடி என்று சொன்னது வேறொருவர். ஆனால் அந்தச் சொல்லைத் தடுக்க ஒரே ஒருவனால்தான் முடியும் என்றிருந்தது. அந்த ஒருவன் நான். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

என் பெயர் ஏழுமலை. படிப்பு எட்டாம் வகுப்பு. எழுதிப் பழக்கமில்லை. சுருக்கமாகத்தான் எழுதுவேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது... இருந்தாலும் உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குச் சற்று அப்பால், ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். வெளியூர்க் கட்டடங்களுக்குக் கணினியில் வரைபடம் போட்டுக் கொடுப்போம். வரைகிறவர்கள் இருபத்து நான்கு பேர். பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். நான் ஜெனரேட்டரையும் பேட்டரியையும் பார்த்துக்கொள்ள வந்தவன்.

அங்கே மேசைமேல் திரை மட்டும்தான் இருக்கும். கணினி இருக்காது. ஏ.சி. அறையில் ஒரே ஒரு பெரிய மெஷின். அதற்குள்ளேதான் இருபத்து நான்கு கணினிகளும்! தொட முடியாது. ஆனாலும் ஓடும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளின் பெயர் வைத்திருந்தார்கள்.

படம் வரைகிற சாஃப்ட்வேருக்கு லைசன்ஸ் பன்னிரண்டுதான். ஒரே நேரத்தில் பன்னிரண்டு கணினிகளில்தான் திறக்கலாம். பதின்மூன்றாவதில் திறக்காது. யாராவது மூடும்வரை காத்திருக்க வேண்டும். யார் திறந்திருக்கிறார், யார் திறந்து வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார் என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையை மேனேஜர் எனக்குக் கொடுத்தார். ஒரு நாற்காலி, ஒரு திரை. திரையில் இருபத்து நான்கு பெயர்கள். லைசன்ஸ் எடுத்த பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி.

வரைகிற பெண்களில் தேவிக்கு வாய் ஜாஸ்தி.

"ஏழுமல அண்ணன் இப்ப ஆபீசரு. பச்ச லைட்டு பாக்கற ஆபீசரு" என்பாள்.

"நீ டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள உன் லைட்ட புடுங்கி வேற ஆளுக்குக் குடுத்துடுவேன், பாத்துக்கோ" என்பேன்.

எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு அந்த நாற்காலி பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் குற்றத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

கற்பகம் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம். அப்பா நிலத்தில் வேர்க்கடலை போடுகிறவர். பாலிடெக்னிக் முடித்தவள். அந்த ஆபீசில் அவளைப்போலக் கை சுத்தமாகப் படம் போடுகிறவர் இல்லை. அடுத்த மாதம் அவளை டீம் லீடர் ஆக்குவதாக மேனேஜரே சொல்லியிருந்தார்.

அது ஒரு பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தால் அன்றைக்கு மதியத்துக்கு மேல் பஸ் ஊருக்குள் வராது. ஊருக்கு வெளியே போட்டிருக்கும் தற்காலிக நிறுத்தம்வரை நடந்துபோய்க் கூட்டத்தில் ஏற வேண்டும். அதனால் வெளியூர்ப் பெண்கள் ஒரு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். கற்பகத்தின் கணினி காலையிலிருந்தே திக்கித் திக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, இத மூடினா திரும்பத் தொறக்குமான்னு பயமா இருக்குது. மூணு நாள் வேல இதுல நிக்குது. கொஞ்சம் பாத்துக்குங்க. நான் கெளம்பறேன்" என்றாள்.

பார்த்துக்கொண்டேன். அவளுடைய கணினியை அப்படியே இன்னொன்றாக நகல் எடுத்தேன்! படம் திறந்திருந்த நிலையிலேயே... வேலூரிலிருந்து வரும் டெக்னீஷியன் ஒருமுறை செய்ததைப் பின்னால் நின்று பார்த்துக் கற்றது. எனக்கு அதற்கு அனுமதி இல்லை. பார்ப்பது மட்டும்தான் என் வேலை. நகல் சரியாக இருக்கிறதா என்று ஓடவிட்டுப் பார்த்தேன். படம் பத்திரமாக இருந்தது. சந்தோஷப்பட்டேன்.

அதை நிறுத்த மறந்துபோனேன்.

இந்த மறதியை நான் குற்றம் என்று சொல்லவில்லை. மறதி எல்லோருக்கும் வரும். பின்னால் வருவதுதான் குற்றம்.

மறுநாள் கற்பகத்தின் கணினி நன்றாகவே திறந்தது. அவள் வேலையைத் தொடர்ந்தாள். உள்ளே நகலும் அவள் பெயரிலேயே இன்னொரு லைசன்ஸைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாள், இரவும் பகலும். என் திரையில் ஒரு பெயருக்கு ஒரு புள்ளிதான். இரண்டு எடுத்தாலும் ஒன்றுதான் தெரியும்.

"அண்ணா, பதினோரு பேருக்கு மேல தொறக்கவே மாட்டேங்குது. ஒண்ண எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று தேவி கேட்டாள். எண்ணினேன். பதினொன்றுதான் இருந்தது. மெஷின் கோளாறு என்று விட்டுவிட்டேன்.

சாஃப்ட்வேர் விற்ற கம்பெனியிலிருந்து மேனேஜருக்கு ஒரு அறிக்கை வந்தது. கற்பகம் என்ற பெயர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில். நடுராத்திரியிலும் ஓடியிருக்கிறது. மேனேஜர் அதை எப்படிப் புரிந்துகொண்டார் தெரியுமா? அவள் தன் பாஸ்வேர்டை வெளியே ஒரு கடைக்கு விற்றுவிட்டாள். அவர்கள் எங்கள் லைசன்ஸில் படம் போடுகிறார்கள்!

காலை பத்தரை மணிக்கு எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"பாஸ்வேர்ட யாருக்குக் குடுத்த?"

"யாருக்கும் குடுக்கல சார்."

"ராத்திரி ரெண்டு மணிக்கு உன் பேர்ல ஓடுது. பேயா வந்து படம் போடுது?"

கற்பகம் என்னைப் பார்த்தாள். சந்தேகமாக அல்ல. எனக்காக இவர் பேசுவார் என்று பார்த்தாள். மேனேஜரும் என் பக்கம் திரும்பினார்.

"ஏழுமல, நீதான ஸ்கிரீன பாத்துக்கினு இருக்க. உனக்கு எதனா தெரியுமா?"

அந்தக் கணத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நகல்... என் நகல்! சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? திட்டியிருப்பார். நாற்காலி போயிருக்கும். மறுபடி ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றப் போயிருப்பேன். அவ்வளவுதானே?

"தெரியலங்க சார்" என்றேன்.

"திருடிக்கு இங்க வேல இல்ல, கெளம்பு" என்றார் மேனேஜர் அவளிடம். அவள் அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். எல்லோரும் டீக்கு எழுந்த நேரத்தில் நான் ஏ.சி. அறைக்குள் போய் நகலை அழித்தேன். கை நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.

இது நடந்து இரண்டு வருடம்.

இந்த ஊரில் படம் போடுகிற ஆபீஸ் மூன்றோ நான்கோதான். பேச்சு எல்லா இடத்துக்கும் போய்விட்டது. யாரும் அவளைச் சேர்க்கவில்லை. கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். நான் தினமும் போகிற வழி அது. வண்டியில் போகும்போது கை காட்டுவாள். "சாப்ட்டீங்களாண்ணா?" என்பாள். இரண்டு வருடம்... தலையாட்டிவிட்டுப் போனேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வேறு வழியில் போயிருப்பீர்களா? நானும் ஒரு மாதம் சுற்றிப் போனேன். அப்புறம் பெட்ரோலைப் பார்த்து நேர் வழியிலேயே போனேன். அவ்வளவு மரத்துவிட்டது மனம்.

போன வாரம் புது மெஷின் வந்தது. "பழச வெள்ளிக்கெழம தொடச்சிடுவேன். வேணுங்கறத எடுத்து வச்சுக்குங்க" என்றார் டெக்னீஷியன். எடுத்து வைப்பதற்காகப் பழைய மெஷினைத் திறந்தேன். அதில் யார் எப்போது என்ன செய்தார் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இதுவரை நான் கீழே இறங்கிப் பார்த்ததே இல்லை. அன்று இறக்கினேன். அந்த மாதம் வந்தது.

மூன்று வரிகள். நகல் எடுத்தது, ஓடவிட்டது, அழித்தது. மூன்றிலும் என் பெயர்.

அழித்துவிட்டேன் என்றல்லவா நினைத்திருந்தேன்! நகல்தான் அழிந்தது. அழித்தவன் பெயர் அழியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தால் அதுவும் போய்விடும். சும்மா இருந்தால் போதும். எதுவும் செய்ய வேண்டாம். நான் நன்றாகத் தெரிந்து வைத்திருந்த வேலை அது ஒன்றுதான்.

என்னவோ... அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். நல்லவனாகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். இனி ஒரு சாட்சியும் இருக்காது என்றதும், இந்த உலகத்தில் நான் ஒருவன் மட்டும் அதைச் சுமந்துகொண்டிருப்பேன் என்று தோன்றியது. அது தாங்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். கூட்டம் கம்மியாக இருந்தது. தாளை அவள் முன்னால் வைத்துச் சொன்னேன். நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. இரண்டு வருடத்தைச் சொல்ல நாலு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

தாளை எடுத்து மூன்று வரிகளையும் விரல் வைத்துப் படித்தாள்.

"மெஷின தொடைக்கப் போறாங்கன்னு வந்தீங்களா? தொடைக்கலன்னா சொல்லியிருப்பீங்களா?"

"தெரியல."

"அன்னிக்கும் இதத்தான் சொன்னீங்க."

மன்னித்துவிடு என்று சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் வேணாம். எழுதிக் குடுங்க. எங்கப்பா படிக்கணும். மேனேஜர் படிக்கணும். அந்த மூணு ஆபீசுக்காரனும் படிக்கணும்."

எழுதினேன். வெள்ளிக்கிழமை காலை கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு பக்கம். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நகல் எடுத்தது இருக்குது. அழிச்சது இருக்குது. சார் கேட்டப்ப தெரியாதுன்னு சொன்னது எங்க? அதக் காணோமே!"

இல்லைதான். விட்டுவிட்டேன். மறந்து விட்டதா, வேண்டுமென்றா? எனக்கே நிச்சயமில்லை. இப்போது நீங்கள் படிப்பது இரண்டாவதாக எழுதியது.

அங்கிருந்து நேராக மேனேஜரிடம் போய்ப் பிரிண்டைக் கொடுத்தேன். படித்தார். மெஷினைத் துடைக்க வேண்டாம் என்று டெக்னீஷியனுக்குப் போன் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டு வருஷமா எங்கூட ஒக்காந்து டீ குடிச்சியேடா" என்றார். அவர் முகமும் வெளுத்திருந்தது. விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னது அவருடைய பங்கு. அதை அவர் பார்த்துக்கொள்ளட்டும். என் பங்கு அதனால் குறையாது.

அவர் கற்பகத்திடம் போனில் பேசினார். திரும்ப வரச் சொன்னார். டீம் லீடராகவே. அவள் ஒரு நிபந்தனை சொல்லியிருக்கிறாள். வருகிற திங்கட்கிழமை, அதே இடம், அதே பத்தரை மணி. எல்லோர் முன்னாலும் இதை நான் சத்தமாகப் படிக்க வேண்டும். அதற்குப் பிறகு வேலையைப் பற்றிப் பேசலாம்.

நேற்று மாலை இந்தத் தாள்களை அவளிடம் காட்டினேன். முழுதும் படித்தாள். இந்தத் தடவை திருப்பிக் கொடுக்கும்போது ஒன்று கேட்டாள்.

"புது மெஷின்ல எத்தன லைசன்ஸு?"

"பதினாறு."

"பதினாறா!" என்றாள். மேசைமேல் கிடந்த விண்ணப்பத் தாளின் பின்பக்கத்தில், யார் யாருக்கு எந்த நேரம் என்று பெயர்களைப் பிரித்து எழுதத் தொடங்கினாள். அவளை அறியாமலே எழுதினாள் என்று நினைக்கிறேன். நான் நின்றதை மறந்துவிட்டாள். நான் சொல்லிக்கொள்ளாமலே வந்தேன்.

என்னை மன்னித்தாளா? இல்லை. கேட்கவும் மாட்டேன். திங்கட்கிழமைக்குப் பிறகு எனக்கு அந்த ஆபீசில் இடம் இருக்குமா என்பதும் தெரியாது. இது உண்மையாகவே தெரியாதது.

நாளைக்குத் திங்கட்கிழமை. சத்தமாகப் படித்துப் பழக்கமில்லை. காலையிலிருந்து நான்கு முறை படித்துப் பார்த்தேன். "தெரியலங்க சார்" என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் குரல் இறங்கிவிடுகிறது. கடைசி வரிசைவரை கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள்.

இன்னொரு முறை படிக்கிறேன்.