அலமாரிக்குள் திருகிய சத்தம்

போன வாரம் அபர்தீன் பஜாரில் குண்டு பல்பு கேட்டேன். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாய் சாப், அப் தோ எல்.ஈ.டி. ஹீ மில்தா ஹை" என்றார். இப்போதெல்லாம் எல்.ஈ.டி.தான் கிடைக்குமாம். எல்.ஈ.டி. வெளிச்சம் தரும். எனக்கு வேண்டியது சூடு. அதை இந்தியில் விளக்கப் போக, கோழிக்குஞ்சு வளர்க்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு எல்.ஈ.டி.யையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீங்கள் மெயின்லேண்டில் இருப்பவர், உங்களுக்குச் சொன்னால்தான் புரியும். இங்கே தீவில் மழை தொடங்கினால் துணி அலமாரிக்குள் ஒரு பல்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெல்ட், செருப்பு, கல்யாணப் பட்டு எல்லாவற்றிலும் பூசணம் பூத்துவிடும். குட்வில் எஸ்டேட்டில் குடிவந்த புதிதில் எங்கள் அலமாரியில் மேலே பல்பு, நடுவில் மனைவியின் பட்டுச்சேலைகள், அடியில் என் ரேக் பெட்டி.

ரேக் பெட்டி என்றால் பயப்பட வேண்டாம். தட்டையான இரும்புப் பெட்டி. முகத்தில் வரிசையாகத் திருகு, பச்சை எழுத்து ஓடும் சின்னக் கண்ணாடி. கிட்டாரின் சத்தம் அதற்குள் போய், கனமும் கூர்மையும் எதிரொலியும் பூசிக்கொண்டு ஸ்பீக்கருக்கு வரும். பூசியது பிடித்துப் போனால் ஒரு நம்பரில் சேமித்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து கப்பலில் கொண்டுவந்தேன். பெட்டி என் பங்க் படுக்கையில் படுத்து வந்தது, நான் டெக்கில்.

பகலில் எனக்குக் கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை, லீவு நாளில் செல்வண்ணன் ஆர்க்கெஸ்ட்ராவில் கிட்டார். கீபோர்டும் கண்டிப்பும் செல்வண்ணனுடையவை. டிரம்ஸ் தபஸ், வங்காளி. எதிர்க்கரை பம்பூஃபிளாட்டிலிருந்து டிரம்ஸோடு ஃபெர்ரி ஏறி, சாத்தம் ஜெட்டியில் வேர்த்து விறுவிறுத்து இறங்குவான்.

பெட்டியை வெளியே எடுத்தால் ஈரம் ஏறிவிடும் என்று எனக்குக் கிலி. அதனால் ஸ்பீக்கரையும் சேலைகளுக்கு நடுவே செருகி, தலையை அலமாரிக்குள் நீட்டிக்கொண்டுதான் திருகுவேன். மனைவி ஒருநாள், "உங்களுக்கு என் சேலை வேணுமா, அந்த டப்பா வேணுமா?" என்றாள். "ரெண்டுக்கும் ஒரே பல்புதானே" என்றேன். அன்று சோறு தாமதமாக வந்தது.

அலமாரிக்குள் அது தேவகானம். மேடையில் என் கிட்டார் இருக்கிற இடமே தெரியாது. ஒரு கல்யாணம் முடிந்து ஒயர் சுற்றும்போது செல்வண்ணன் சொன்னார்: "தம்பி, நீ வாசிச்சியா, சும்மா நின்னியா? ஹட் பேயில ஒரு தடவ பாப்பேன். அங்கயும் கேக்கலன்னா, அவ்வளவுதான், பொங்கல் கச்சேரிக்கு கிட்டாரையும் நானே கீபோர்டுல வாசிச்சிக்கிறேன்." கீபோர்டில் கிட்டார் சத்தத்துக்கு ஒரு பொத்தான் இருந்தது. அந்தப் பொத்தானை நான் மனதார வெறுத்தேன்.

அடுத்த கச்சேரி அந்த ஹட் பேயில், செல்வண்ணனின் ஊர். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து தீவுக்கு வந்த குடும்பம். அப்பா அங்கே பாமாயில் தோட்டத்தில் வேலை பார்த்தவர். மத்தியானம் மைதானத்தில் வாசித்துப் பார்த்தோம். தபஸ் குச்சியை நிறுத்தி, "பாய், கிட்டார் கிதர் ஹை? மச்சர் ஜைசா லக் ரஹா ஹை" என்றான். கிட்டார் எங்கே, கொசு மாதிரி கேட்கிறதே என்கிறான்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கூர்மையை எல்லாம் பட்டுச்சேலைகள் குடித்துவிட, அதை ஈடுகட்ட நான் மாதக்கணக்கில் கூர்மையும் எதிரொலியும் ஏற்றியிருக்கிறேன். ஹட் பே மைதானத்தில் சேலைகள் கிடையாது. பெண்கள் கட்டிக்கொண்டு சாயங்காலம்தான் வருவார்கள். எதிரொலியை அணைத்தேன், கூர்மையை இறக்கினேன், கனத்துக்கும் கூர்மைக்கும் இடையிலுள்ள நடுச்சத்தத்தை மட்டும் தூக்கி ஏழாம் நம்பரில் போட்டேன். தனியாகக் கேட்டால் ஜலதோஷம் பிடித்த தகரம். அழுகை வந்தது.

சாயங்காலம் முன்வரிசை முழுக்க செல்வண்ணனின் சொந்தக்காரர்கள். முதல் பாட்டிலேயே என் நடுச்சத்தமும் அவர் இடது கை வாசிப்பும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொண்டன, இரண்டும் எடுபடவில்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவர் இடது கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார். சட்டென்று கிட்டார் கேட்டது. கடைசி வரிசைவரை போய்த் திரும்பி வந்தது என்று தபஸ் பிறகு சத்தியம் செய்தான்.

கடைசிப் பாட்டுவரை அந்தக் கை தொடையில்தான் இருந்தது. முடிந்ததும் அவர் மாமா மேடைப் பக்கம் வந்து, "என்னாப்பா, கையில அடியா?" என்று கேட்டார். "ஆமா மாமா, சுளுக்கு" என்றார் செல்வண்ணன். என்னிடம், "அந்த சவுண்ட அப்படியே வையி. மாத்தாத" என்றார். பொங்கலுக்குக் கிட்டாரை நான்தான் வாசித்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ மேடை, எல்லாவற்றிலும் அவருக்குச் சுளுக்கு.

ஆர்க்கெஸ்ட்ரா இப்போது இல்லை. தபஸ் மகனோடு கல்கத்தா போய்விட்டான். செல்வண்ணன் போன மழைக்காலத்தில் காலமானார். புது பல்பு வெளிச்சத்தில் சேலையெல்லாம் பளிச்சென்று தெரிகிறது, பூசணமும்தான். நேற்று பெட்டியை வெளியே எடுத்து, துடைத்து, சுவிட்சைப் போட்டேன். ஏழாம் நம்பர் அப்படியே இருந்தது. வாசித்தேன்.

அடுப்படியிலிருந்து மனைவி, "என்னங்க, மூக்கடைச்ச மாதிரி கேக்குது? டப்பா கெட்டுப் போச்சா?" என்றாள்.

கெடவில்லை. பக்கத்தில் செல்வண்ணன் உட்கார்ந்து ஒரு கையால் வாசிப்பார், மறு கையைத் தொடைமேல் வைத்திருப்பார் என்று நம்பி, மாற்றாமல் வைத்திருந்த சத்தம் அது.