கோதுமை நுழையாத அடுப்படி

எங்கள் அன்பு அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதித் தரும்படி அத்தான் கேட்டபோது தட்டிக்கழிக்கத்தான் பார்த்தேன். துக்கம் ஒருபுறம். இந்த நினைவு மலரைப் பெறும் நீங்கள் எல்லாரும் நினைவு ஆராதனைக்கு வருவீர்கள், அக்காவின் மகளும் வருவாள், தாயில்லாப் பிள்ளை என்று ஆளுக்கொரு தின்பண்டத்தை அவள் கையில் திணிப்பீர்களே என்ற பயம் மறுபுறம். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி என்பது உங்களுக்குத் தெரியும்.

அக்கா அப்படி இல்லை. போடி கடைவீதியில் ஏலக்காய் வியாபாரம் செய்த எங்கள் தந்தைக்கு மூத்த மகளாகப் பிறந்தார். தந்தை சரக்கெடுக்க மலைக்குப் போனால் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போவார். யானைத் தடத்தைப் பார்த்துவிட்டு வந்து, நான் அலறும்படி கதை சொல்வார். தந்தை திடீரென்று இறந்தபோது கல்லூரியை விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தவர் அவர்தான். மட்டமான காயைத் தலையில் கட்டப் பார்த்தவர்களை அக்கா மிரட்டிய மிரட்டலில் கடை தப்பியது, நானும் படித்து முடித்தேன். அதன் பிறகே திருமணம் செய்துகொண்டு அத்தானுடன் இங்கிலாந்து போனார்.

அங்கேதான் அவருக்குப் பயம் வந்தது. தவழ்ந்து நடந்து நன்றாயிருந்த மகளுக்கு வயிறு உப்பியது, கைகால் சூம்பியது, சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. பல பரிசோதனைகளுக்குப் பிறகு, கோதுமை அவள் குடலுக்கு ஆகாது, வாழ்நாள் முழுவதும் ஒரு துணுக்குகூட உள்ளே போகக்கூடாது என்றார் டாக்டர். திரும்பிய பக்கமெல்லாம் ரொட்டி விற்கும் ஊர் அது.

அக்கா கேப்பை மாவிலும் கம்பு மாவிலும் ரொட்டி சுட ஆரம்பித்தார். கோதுமையின் பசை இவற்றில் கிடையாது. முதல் ரொட்டி கத்தி பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்ததாம், அடுத்தது செங்கல்லாக வந்ததாம். மரவள்ளி மாவும், மலச்சிக்கலுக்குக் குடிப்போமே அந்த இசப்கோல் உமியும் சேர்த்துப் பிசைந்த பிறகுதான் மாவு ஒட்டியது. "பேதி மருந்துல ரொட்டி சுடுறேன்டி" என்று போனில் சிரித்தார்.

கம்பையும் கேப்பையையும் போடியிலிருந்து அம்மா அனுப்புவார். காயவைத்து, புடைத்து, மில்லில் அரைத்து, பார்சல் கட்டுவார். அந்த ரொட்டியைத் தின்று கொஞ்சம் தேறிய பிள்ளை மறுபடியும் சுருண்டாள். அக்கா வீட்டிலிருந்த ஒவ்வொன்றையும் சந்தேகப்பட்டார். கடையில் வாங்கிய டப்பாக்களை வீசினார். மரக்கரண்டியும் தோசைக்கல்லும் குப்பைக்குப் போயின. பெருங்காயத்தில் மைதா கலக்கிறார்கள் என்று அறிந்து அதையும் கொட்டினார். பிள்ளை தேறவில்லை. "எம்புள்ள எங்கையாலயே போயிருவாளோன்னு பயமாருக்குடி" என்றார் ஒருநாள். யானைக்கு அஞ்சாத அக்காவா இது என்று நினைத்தேன். அம்மா அனுப்பிய மாவைச் சந்தேகிக்க மட்டும் எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

பிறகு ஒருநாள் மூவரும் போனில் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா அலுத்துக்கொண்டார்.

"மில்லுல ஒரே கூட்டம் ஆத்தா. எனக்கு முன்னாடி கலியாண வீட்டுக்காரக மூடை மூடையா கோதுமைய அரைச்சாக. அங்கனயே உக்காந்து கெடந்து, அவுக முடிச்சதும் நம்ம கம்பைப் போட்டேன்."

நம் ஊர் மில்லில் ஒருவர் மாவின் மிச்சம் அடுத்தவர் வாளியில் விழுவது சகஜம், அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அந்த மிச்சம்தான் பிள்ளையின் குடலை அரித்துக்கொண்டிருந்தது. இப்போது அக்கா வெடிப்பார் என்று நான் காத்திருந்தேன்.

"அம்மா, இனிமே தானியமாவே அனுப்புங்க. மாவு வர்றதுக்குள்ள வண்டு விழுந்துருது. இங்கன நானே அரைச்சுக்கிறேன்" என்றார்.

அம்மா கடைசிவரை வண்டு என்றே நம்பினார். அவரும் கர்த்தரிடம் சேர்ந்துவிட்டதால்தான் இதை எழுதத் துணிகிறேன். அதன்பின் அக்கா தானியத்தை வெள்ளைத் துணியில் பரப்பி, தப்பித் தவறிக் கோதுமை மணி கிடக்கிறதா என்று பொறுக்கிப் பார்த்து, கழுவிக் காயவைத்து, சொந்த மிஷினில் அரைத்துக்கொண்டார். பிள்ளைக்குக் கன்னத்தில் சதை வைத்தது.

விடுமுறைக்கு வந்திருந்தபோது போடியில் ஓர் உறவினர் திருமணம். மேடையில் கேக் வெட்டியதும் பெரியம்மா ஒருவர் ஆசையாக ஒரு துண்டைப் பிள்ளை வாயில் வைத்துவிட்டார். அக்கா பாய்ந்துபோய் விரலை விட்டுத் தோண்டி எடுத்தார். "ஜெபம் பண்ணிக் குடுத்த கேக்கு, என்ன செஞ்சிரும்? சீமைக்குப் போயி ரொம்பத்தான் ஆடுறா" என்று பந்தி முழுக்க அதே பேச்சு. பெரியம்மா, நீங்களும் இதைப் படிப்பீர்கள், கோபிக்க வேண்டாம். அக்காவுக்கும் உங்கள்மேல் கோபம் இல்லை. மண்டபத்துக்குப் பின்னால் போய், முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் நின்றேன்.

சென்ற ஆண்டு புற்றுநோய் அவரைச் சாய்த்தது. வீடியோவில் பேசும்போதே மூச்சு வாங்கியது. "சாகப் பயமில்லடி. நா இல்லாத வீட்டுல அவ பசிச்சா என்னத்தத் திம்பாளோ, அதுதான் பயமாருக்கு" என்றார். அக்காவிடமிருந்து நான் கேட்ட கடைசிப் பேச்சு அது.

ஆஸ்பத்திரியில் அக்காவைத் தாயைப்போல் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சிக்கும், அந்தக் குளிரிலும் கல்லறைவரை நடந்துவந்த அவ்வூர்ச் சபையாருக்கும், துக்கம் கேட்டு எங்கள் வீட்டுப் படியேறிய உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தனியாக நின்று மகளை வளர்க்கும் அத்தானுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஆராதனைக்கு வரும் மகள் விடுமுறை முழுவதும் என் வீட்டில் தங்குகிறாள். புதுப் பாத்திரங்கள் வாங்கிவிட்டேன், சப்பாத்தியை அடியோடு நிறுத்திவிட்டேன். ஆனாலும் தூக்கம் வருவதில்லை. போன வாரம் அவளிடமே சொல்லிவிட்டேன்: "எனக்கு ரொம்பப் பயமாருக்கு ஆத்தா. எங்கிட்டாச்சும் தப்பிப்போச்சுன்னா என்ன செய்வேன்?"

"அதுனாலதான் சித்தி ஒங்க வீட்டுக்கு வர்றேன்" என்றாள். "ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றவுக வீட்டுல நா பச்சத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்."