சீரில் வந்த தலையணை

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. விடிந்ததும் தும்மத் தொடங்கினால் இருபது, முப்பது என்று போகும். மூக்கு ஒழுகி, கண் சிவந்து, பள்ளிக்கூடம் போவதற்குள் களைத்துவிடுவாள். டீச்சர் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டாள். தயிரை நிறுத்தினேன். தலைக்கு ஊற்றுவதைக் குறைத்தேன். குறைத்ததுதான் தப்போ என்று மறுபடி ஊற்றினேன். கடைசியில் மயிலாப்பூர் டாக்டர் மூக்கினுள் விளக்கடித்துப் பார்த்தார்.

"உள்ளே சதை வீங்கியிருக்கு. வர வெள்ளிக்கிழமை கம்பியால அதைச் சுட்டுடலாம்" என்றார்.

குழந்தை என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அதற்கு முந்தின வாரம்தான் மாம்பலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் சத்திரத்தில் ஜமுக்காளத்தில் படுத்திருந்தோம். அங்கே அவள் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. கல்யாணச் சந்தடியில் எனக்கு அது உறைக்கவில்லை.

டாக்டரிடம் போய்வந்த மறுநாள் காலை வழக்கம்போல் தலையணைகளை வெயிலில் போட்டுக் குச்சியால் தட்டினேன். என் பிறந்தகத்துச் சீரில் வந்த இலவம்பஞ்சுத் தலையணைகள். படுக்கையைத் தினமும் தட்டிப் போட வேண்டும் என்று பள்ளியில் படித்ததை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தை தும்மினாள். தும்மிக்கொண்டே இருந்தாள். என் கைக்குச்சி நின்றது. சத்திரத்தில் தலையணையே இல்லையே!

"ஏன்னா, தலையணைதான் காரணமா இருக்குமோ?"

என் கணவர் சிரித்தார். "உங்காத்துச் சீரை நீயே குத்தம் சொல்றியே! டாக்டர்கிட்ட சொல்லிடாதே, சிரிப்பார்."

இரண்டு இரவு என் பழம்புடவையை மடித்துத் தலைக்கு வைத்தேன். தும்மல் இல்லை. தற்செயலோ என்று பயம். மூன்றாம் இரவு, மனசில்லாமலே, பழைய தலையணையை வைத்தேன். காலையில் முப்பத்தொரு தும்மல்.

வெள்ளிக்கிழமை ஒரு பிடிப் பஞ்சைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனேன். நடந்ததைச் சொன்னேன்; டாக்டர் சிரிக்கவில்லை. குழந்தையின் கையில் இரண்டு இடத்தில் லேசாகக் கீறி, ஒன்றில் வெறும் தண்ணீரும் மற்றதில் பஞ்சுத் தூசி கரைத்த தண்ணீரும் வைத்தார். கால் மணி நேரத்தில் தூசி வைத்த இடம் மட்டும் கொசு கடித்ததுபோல் தடித்துச் சிவந்தது.

"நான் மூக்குக்குள்ளேயே தேடிண்டிருந்தேன். நீங்க தலைக்குக் கீழே பாத்துட்டேளே அம்மா!" என்றார். "சுட வேண்டாம். இலவம்பஞ்சு அவ கிட்டவே வரப்படாது."

வீட்டு வாசலிலேயே குழந்தை கத்தினாள்: "அப்பா, சூடு கிடையாது! அம்மா கண்டுபிடிச்சுட்டா!"

அன்றிரவும் அவள் என் புடவை மடிப்பில்தான் தலைவைத்துப் படுத்தாள். விடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவதற்குக் காத்திருந்தேன். எண்ண ஒன்றுமே இல்லை.