பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே விடை

கொழும்பில் முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்தபோது, நான் என்ன படிக்கப் போகிறேன் என்று எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாருக்கும் விளங்கவில்லை. சமூகவியலும் தரவுப் பகுப்பாய்வும் சேர்ந்த படிப்பு அது. அம்மாவிடம், "மனுசங்ககிட்ட கேள்வி கேட்டு, பதிலையெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு, என்னா நடக்குதுனு பாக்குறதும்மா" என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா ரப்பர் பால் வெட்டுகிறவள். கத்தியைத் தீட்டிக்கொண்டே, "மனுசங்கள பாத்தாலே தெரியாதா? அதுக்கு என்னாத்துக்கு கம்ப்யூட்டரு?" என்றாள். இரண்டு வருடப் படிப்பில் அதைவிட நல்ல கேள்வியை வேறு யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். பொய்யில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கஹவத்தையில் பஸ் ஏறுவேன். சனியும் ஞாயிறும் வகுப்பு. ஞாயிறு இரவே திரும்பிவிடுவேன். வகுப்பில் தோட்டத்திலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான். முதல் மாதம் பயந்து பயந்து இருந்தேன். பிறகு எண்கள் எனக்குப் பிடித்துப்போயின. அவை வரிசையில் நிற்கும், குறுக்கே பேசாது, எங்கள் லயத்து ஆட்களுக்கு நேர் எதிர். ஒருமுறை, பதில் சொல்கிறவர் கேட்கிறவருக்குப் பிடித்ததையே சொல்லப் பார்ப்பார், அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். வகுப்பிலேயே எனக்குத்தான் கூடுதல் புள்ளி. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை அதற்குப் பிறகுதான் நடந்தது.

என் ஆய்வு, தோட்டத்துத் தாய்மாரின் படிப்புக்கும் பெண்பிள்ளைகளின் படிப்புக்கும் என்ன தொடர்பு என்பது. மூன்று தோட்டங்களைத் தெரிவுசெய்தேன். அவற்றில் ஒன்று எங்கள் தோட்டம். எங்கள் லயமும் அதில் வந்தது. லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். வினாக்கொத்தை எங்கும் கொண்டுபோவதற்கு முன் அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். இரண்டு நாள், அடுப்படியில், கையில் மணிக்கூட்டோடு. அம்மா சலித்துக்கொண்டபோது, "இந்தக் கேள்விகள வெச்சுத்தாம்மா எனக்குப் பட்டமே குடுப்பாங்க. பிழையாப் போனா எல்லாம் போச்சு" என்றேன். வாய் என்னுடையதுதான். யாரையும் குறை சொல்ல முடியாது.

சொந்த ஆட்களிடம் ஆய்வாளரே கேள்வி கேட்கக்கூடாது என்று விதி இருந்தது. அதனால் எங்கள் லயத்துக்கு மட்டும் என் தோழியை அனுப்பினேன். அவள் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்க வேண்டும் என்பது இன்னொரு விதி. லயத்தில் தனிமைக்கு எங்கே போவது? வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா ஞாயிற்றுக்கிழமை பூட்டித்தான் கிடக்கும். அதன் சாவியையும், பதில்களை அமுக்கிப் பதிகிற டெப்லெட்டையும் அவளிடம் கொடுத்துவிட்டு நான் வகுப்புக்குப் போய்விட்டேன். டீச்சர் மேசை போட்டு உள்ளே உட்கார்ந்தாள். பெண்கள் வெளியே வரிசையில் நின்று ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

பின்னேரம் அவள் போன் எடுத்தாள். "ஓங்க லயத்து ஆளுங்க சரியான கெட்டிக்காரங்கடி. கேள்விய முடிக்க முந்தியே பதில் வருது. மூணு மணிக்கெல்லாம் முடிச்சிட்டேன்."

"எங்க லயம்னா சும்மாவா?" என்றேன். உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து என் மேற்பார்வையாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். சிங்களப் பெண்மணி, அதிர்ந்து பேச மாட்டார். கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். எங்கள் லயத்தின் பன்னிரண்டு வரிகளும் அதில் இருந்தன. வீட்டில் நான்கு பேர். தாய் படித்தது ஐந்தாம் வகுப்பு. தண்ணீர் எடுக்கப் பத்து நிமிடம். பிள்ளையின் படிப்பைத் தீர்மானிப்பது தாய் தகப்பன் இருவரும். முதல் வரியிலிருந்து பன்னிரண்டாம் வரி வரை ஒரு புள்ளி மாறவில்லை.

"நங்கி, இது ஆட்களிடம் கேட்டு எடுத்ததா, இல்லை ஒரு மேசையில் உட்கார்ந்து நிரப்பியதா?" என்று சிங்களத்தில் கேட்டார். மாணவிகளை அவர் நங்கி, அதாவது தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். நான் அந்த வரிகளை மேலிருந்து திரும்ப வாசித்தேன். "ஒரு மாதம் தருகிறேன். இதற்கு விளக்கம் இல்லாமல் என்னால் கையெழுத்துப் போட முடியாது. பொய்த் தரவு என்று முடிவானால் படிப்பே போய்விடும், தெரியும்தானே."

படிப்பு போவது ஒரு பக்கம். வகுப்பில் வேறு யாரும் கள்ளம் செய்தால் அந்த ஆள் கள்ளம் செய்தார் என்பார்கள். நான் செய்தால் தோட்டத்துப் பிள்ளை கள்ளம் செய்தது என்பார்கள். அவமானத்தில் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் பஸ் நிலையத்தில் நின்றபடியே தோழிக்கு போன் எடுத்தேன். "நீ வீட்டுலருந்து நெரப்புனியா?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டேன்.

"என்னையப் பொய்க்காரினு சொல்றியா?" என்றாள். குரல் உடைந்திருந்தது. "அவங்க சொன்னதத்தான்டி அமுக்குனேன். எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னாங்க. ஒரே லயம், அப்புடித்தான் இருக்கும்னு நெனச்சேன்." போனை வைத்துவிட்டாள். அதன்பிறகு நான் எடுத்த எந்த அழைப்புக்கும் அவள் பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலை பீலிக்குப் போனேன். மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக வந்து விழும் இடம் அது, லயம் முழுவதற்கும் அதுதான் குளிக்கவும் துவைக்கவும். அடுத்த வீட்டு அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒங்க வீட்டுல எத்தன பேரு?"

"ஏழு பேரு. ஒனக்குத் தெரியாதா?"

"டீச்சர்கிட்ட நாலுன்னு சொல்லியிருக்கீங்க?"

அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது பரீட்சைக்குப் புள்ள."

கதை முழுவதும் அந்தப் பீலிக்கரையில்தான் வெளிவந்தது. கேள்விகள் என்னுடைய பரீட்சை என்று அம்மா முடிவுகட்டியிருக்கிறாள். யாராவது ஒருத்தி பிழையாகச் சொன்னால் மகளுக்குப் பட்டம் போச்சு. சரியான விடை அம்மாவுக்குத் தெரியும், ஏனென்றால் அவள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டி எழுதிக்கொண்டேன். வெட்டு முடிந்து பால் நிறுக்க வரிசையில் நிற்கும் நேரத்தில் எல்லோருக்கும் அம்மா பாடம் எடுத்திருக்கிறாள். வாளியைக் கையில் வைத்துக்கொண்டு பதினொரு பேரும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். போதாததற்குக் கேள்வி கேட்க வந்தது ஒரு டீச்சர். ஒவ்வொருவராக உள்ளே வேறு கூப்பிட்டிருக்கிறாள்!

"தண்ணிக்கு பத்து நிமிசம்கிறது எனக்கு மறந்து மறந்து போச்சு. ஓங்கம்மா ஏசிட்டாங்க" என்றார் அக்கா.

"நீங்க பதிமூணாம் வகுப்பு, ஏஎல் வரைக்கும் படிச்சவங்களாச்சேக்கா. எதுக்கு அஞ்சுனு சொன்னீங்க?"

"அஞ்சுதான் சரியான விடைனு ஓங்கம்மா சொன்னாங்களே."

வீட்டுக்கு வந்து கத்தினேன். லயத்தில் ஒரு வீட்டில் கத்தினால் பன்னிரண்டு வீட்டிலும் கத்தியது போலத்தான். என் படிப்பை அழித்துவிட்டாய் என்றேன். இன்னும் சொல்லக்கூடாததெல்லாம் சொன்னேன். அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"பன்னெண்டு பேரும் சரியாத்தானே சொன்னாங்க? அப்பறம் ஏன் கத்துற?"

"சரியான விடைனு ஒண்ணு கெடையாதும்மா!"

அம்மா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "விடையே இல்லாத பரீட்சைக்கா ரெண்டு வருசமா பஸ் ஏறிப் போன?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன். பதினொரு பெண்கள், விடியற்காலையில் எழுந்து மலைச்சரிவில் மரத்துக்கு மரம் நடந்து களைத்து நிற்கிற நேரத்தில், எனக்காகப் பாடமாக்கியிருக்கிறார்கள். என் வாழ்க்கையில் எனக்காக எந்த வகுப்பும் அப்படிப் படித்ததில்லை.

அன்றே மேற்பார்வையாளருக்கு போன் எடுத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். மறுமுனையில் அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "எழுது நங்கி, ஒரு வரி விடாமல் எழுது. பிறகு நீயே போய்த் திரும்பக் கேள். விதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். தோழியின் வீட்டுக்கு நடந்தே போனேன். வாசலில் வெகுநேரம் நிற்க வைத்தாள். மன்னிப்புக் கேட்டு முடித்த பிறகுதான் உள்ளே கூப்பிட்டுப் பிளேன்டீ தந்தாள். அதில் சீனி போடவில்லை. கேட்காமல் குடித்தேன்.

இரண்டாம் முறை பிள்ளைக்காம்பராவுக்கு யாரையும் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வீடு போய், அவர்கள் அரிசி களையும் இடத்தில், விறகு அடுக்கும் இடத்தில் உட்கார்ந்து கேட்டேன். முதலில் எல்லோருக்கும் சந்தேகம். "பிழையா சொன்னாலும் பாஸாகிருவியா புள்ள?" என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார்கள். பிழையாகச் சொன்னால்தான் பாஸாவேன் என்றேன். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. அடுத்த வீட்டு அக்கா ஏஎல்லில் எந்தப் பாடத்தில் தவறினார் என்பதையும், திரும்ப எழுத யார் விடவில்லை என்பதையும் சொன்னார். கடைசி வீட்டில், பிள்ளையின் படிப்பை யார் தீர்மானிப்பது என்று கேட்டதற்குக் கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் "நான்தான்" என்றார்கள், பிறகு என்னை மறந்துவிட்டுச் சண்டை பிடித்தார்கள். எல்லாவற்றையும் பதிந்து அட்டவணையைத் திறந்தபோது ஒரு வரியைப் போல இன்னொரு வரி இல்லை. அத்தனை சந்தோஷமாக நான் எந்த அட்டவணையையும் பார்த்ததில்லை. ஆய்வேட்டில் கையெழுத்து விழுந்தது, பட்டமும் கிடைத்தது. ஆனால் நான் சொல்ல நினைத்தது கடைசியாகக் கேட்ட வீட்டைப் பற்றி. அது எங்கள் வீடு.

அம்மா கையைக் கழுவி, சேலையைச் சரிசெய்து, நேராக உட்கார்ந்தாள். எல்லோரிடமும் கேட்டதைப் போலவே கேட்டேன், மரியாதை குறையாமல்.

"எத்தனையாம் வகுப்பு வரைக்கும் படிச்சீங்க?"

அம்மா தரையைப் பார்த்தாள். "இதையும் நெசமாத்தான் சொல்லணுமா?"

"ஆமாங்க."

"நான் பள்ளிக்கூடத்துக்கே போனதில்ல."

என் விரல் திரையில் அப்படியே நின்றது. அம்மா பஸ் போர்டு வாசிப்பாள். எனக்கு வந்த கடிதங்களை வாசிப்பாள். ஐந்தாம் வகுப்பு என்றுதான் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன். என் ஆய்வே தாய்மாரின் படிப்பைப் பற்றியது, என் தாயின் படிப்பு எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கேள்வியைக் கேட்டேன். அது எல்லோருக்கும் உள்ள கேள்விதான். "எழுத வாசிக்க எங்க பழகுனீங்க?"

"ஒன்னோட ஒண்ணாம் வகுப்பு புத்தகத்துல" என்றாள். "நீ சத்தமா வாசிப்ப. நான் பக்கத்துல ஒக்காந்து எழுத்தையே பாத்துக்கிட்டு இருப்பேன். எனக்கு வெளங்கலைனா இன்னொருவாட்டி வாசினு சொல்லுவேன். நீ, பிழையா வாசிச்சிட்டோம்னு நெனச்சு அழுவ." சேலையை மறுபடி சரிசெய்தாள். "நீ சரியாத்தான் வாசிச்சிருப்ப."

பாடசாலை, கோயில் வகுப்பு, முதியோர் கல்வி என்று நான் தயாரித்த பட்டியலில் எதுவும் பொருந்தவில்லை. 'வேறு' என்பதைத் தொட்டு, பக்கத்தில் தட்டச்சு செய்தேன். அம்மா தலையைச் சாய்த்து, விரலை ஒவ்வொரு எழுத்தின் கீழும் வைத்து, மெதுவாக வாசித்தாள்.

"ம-க-ளி-டம். மகளிடம்." என்னைப் பார்த்தாள். "சரியா?"

"இன்னொருவாட்டி வாசிங்கம்மா" என்றேன்.