ஜப்பான்காரனுக்குக் காத்திருந்த சாமி

நாங்கள் கும்பிடும் கடற்கரைக் காவல்சாமியைக் கட்டியவன் வெள்ளைக்காரன். இதைச் சொன்னால் ஊரில் இன்றைக்கும் அடிக்க வருவார்கள். யுத்த காலத்தில் ஜப்பான்காரன் கடல் வழியாக வந்துவிடுவான் என்று பயந்து, ஒளிந்திருந்து சுடுவதற்காகக் கட்டிய கான்கிரீட் அறை அது. ஜப்பான்காரன் வரவில்லை. காவல் இருந்தவர்களும் போய்விட்டார்கள். அறை பாதி மணலில் புதைந்து, கடலைப் பார்த்த துப்பாக்கி இடுக்கு மட்டும் வெளியே தெரிந்தது. கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்து மாசி மகத்துக்குக் கடலாட வரும் எங்கள் ஜனம் அதைச் சாமியின் கண் என்று முடிவுசெய்து, மஞ்சள் பூசிப் பொட்டும் வைத்துவிட்டது.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பா துபாயில் இருந்தார். நாலு மாதமாகக் கடிதம் இல்லை. அம்மா சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். அந்த மகத்துக்குச் சித்தப்பா எல்லோரையும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார். எனக்குக் கடுமையான ஜலதோஷம்.

“தண்ணியில கால வச்சே, தோல உரிச்சுருவேன்” என்று அம்மா என்னைக் கரையிலேயே உட்காரவைத்தாள்.

சும்மா உட்காருகிற பிள்ளையா நான்? சாமிக்குப் பின்பக்கம் மணல் சரிந்து ஒரு வாசல் தெரிந்தது. தவழ்ந்து உள்ளே போனேன்.

அடேயப்பா! சுவர் என் கை நீளத்துக்குக் கனம். அலைச் சத்தம் காலுக்கடியிலிருந்து வந்தது. இடுக்கு வழியாகப் பார்த்தேன். கரை இல்லை, மனுஷர் இல்லை, வெறும் கடல். அவ்வளவு தண்ணீரை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. கடல் முடிகிற அந்தக் கோட்டுக்கு அப்பால்தான் அப்பா இருக்கிறார் என்று உடம்பெல்லாம் புல்லரித்தது. துபாய் அந்தத் திசையிலேயே இல்லை என்பது பிற்பாடு பள்ளிக்கூடத்தில்தான் தெரிந்தது.

திடீரென்று கடல் மறைந்தது. இடுக்கில் அம்மாவின் முகம். ஈரத்தலையோடு மண்டிபோட்டுக் கற்பூரம் ஏற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“அவரு உசுரோட இருக்காரா? அத மட்டும் சொல்லிரு சாமி. வேற ஒண்ணும் கேக்கல.”

அதற்கு முன் அம்மா அழுது நான் பார்த்ததில்லை. யாராவது பதில் சொன்னால் தேவலையே என்றிருந்தது. அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை.

“இருக்காரு” என்றேன், குரலைத் தடிமனாக்கிக்கொண்டு. “வந்துருவாரு.”

அந்தச் சுவர்கள் என் குரலை வாங்கிப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்ததில் நானே மூலையில் ஒடுங்கிக்கொண்டேன். அம்மா கண் திறந்தாள். இருட்டுக்குள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மணலில் விழுந்து கும்பிட்டாள்.

அன்றைக்குக் கட்டுச்சோற்றை அம்மா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். சாமி வாக்குக் கொடுத்துவிட்டது என்று சித்தியிடமும் சொன்னாள். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை. அப்பா வராவிட்டால் சாமி குத்தப்போவது என் கண்ணைத்தானே! சித்திரையில் அப்பா காலில் கட்டோடு வந்து இறங்கும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வேலையிடத்தில் கால் முறிந்து, அத்தனை நாளும் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம்.

போன மாசி மகத்துக்கு அம்மாவைக் காரில் அழைத்துப்போனேன். இடுக்கு மணல்மட்டத்துக்கு இறங்கிவிட்டது. அம்மா கற்பூரம் ஏற்றிவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு தைலப் புட்டியை எடுத்துச் சாமிக்கு முன்னால் வைத்தாள்.

“சாமிக்கு எதுக்கும்மா தைலம்?”

“அன்னைக்கு மூக்கால பேசுச்சேடி” என்றாள்.

சாமியின் வாக்கை நம்பித்தான் அம்மா அன்றைக்குச் சாப்பிட்டாள் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். உள்ளே பயந்துபோய் உட்கார்ந்திருந்த பிள்ளைக்காகச் சாப்பிட்டிருக்கிறாள்.