வயிற்றைப் பிடித்துத் தைத்த கதை

உலகத்தில் எந்தப் பெண்ணும் தான் குண்டாகிவிட்டதாக ஒத்துக்கொண்டதில்லை. டெய்லர் ஜாக்கெட்டைச் சின்னதாகத் தைத்துவிட்டாள் என்றுதான் சொல்வாள். பாளையங்கோட்டையில் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கும் எனக்கு இது தெரியும். மெஷின் மிதித்துக் காலும், பேச்சுக் கேட்டுக் காதும் தேய்ந்துபோன என் இனத்தார் எல்லோருக்குமே தெரியும். ஆனால் டெய்லரே குண்டாக இருந்து, ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இளைத்தால் என்னென்ன கேட்க வேண்டிவரும் என்பது அதிகம் பேருக்குத் தெரிந்திருக்காது. தொண்ணூறுகளின் கடைசியில் நான் பட்டவை இவை. என்னைப் போன்ற உடம்புக்காரச் சகோதரிகளே, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

மாடல் அழகி

அப்போது நான் நூறு கிலோவைத் தாண்டியிருந்தேன். மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே நான் போய் உட்கார வேண்டுமென்றால், என்னோடு கொக்கியும் காஜாவும் தைக்கிற ரோஸ்லின் எழுந்து வாசலுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் இடம்.

டவுனிலிருந்து ஒரு டீச்சர் அம்மா வருவார்கள். புதுக் கழுத்து, புதுக் கை எதைச் சொன்னாலும், நான் எனக்குத் தைத்துப் போட்டிருப்பதைத்தான் பார்ப்பார்கள். என்னை எழுந்து நிற்கச் சொல்வார்கள், திரும்பச் சொல்வார்கள், கையைத் தூக்கச் சொல்வார்கள். நான் திருவிழாச் சப்பரம் மாதிரி ஒரு சுற்று சுற்றி நிற்பேன். ஒருநாள் அப்படிச் சுற்றி முடித்ததும் முகம் மலர்ந்து சொன்னார்கள்: "உனக்கே இது இவ்வளவு எடுப்பா இருக்குன்னா, எனக்கு ரதி மாதிரி இருக்கும். யோசிக்காம தைச்சிரு!"

எது முதலில்?

எனக்கு மாதவிலக்கு என்பது கிறிஸ்துமஸ் மாதிரி. வருஷத்துக்கு ஒரு தரம் வந்தாலே விசேஷம். தாடையில் முடி வேறு. கல்யாணமாகி எட்டு வருஷம், மடி காலி. ஒரு லேடி டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, சினைப்பை இரண்டிலும் நீர்க்கட்டி இருக்கிறது, எடையைக் குறைத்தால் எல்லாம் சரியாகும் என்றார். கொள்ளு ரசம் குடித்தேன். ஆற்றுப் பாலம் வரை நடந்தேன். செருப்புதான் இளைத்தது. திரும்பப் போய், ஏன் குறையவில்லை என்று கேட்டேன். நீர்க்கட்டி இருந்தால் எடை லேசில் குறையாது என்றார்.

கடைக்கு வந்து அழுகையும் ஆத்திரமுமாக இதைச் சொன்னேன். ரோஸ்லின் பல்லால் நூலை அறுத்துவிட்டுச் சொன்னாள்: "அதாவது கதவைத் திறந்தாத்தான் உள்ள போவ முடியும், உள்ள போனாத்தான் கதவைத் திறக்க முடியும். சாவியை யாரு முழுங்கினாவளோ!"

பம்பாயில் ஓர் அளவு

என் அண்ணன் பம்பாயில் இருந்தான். அவன் மனைவி, என் மைனி, அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள்தான் சொன்னாள்: இங்கே ஒரு டாக்டர் வயிற்றின் மேல்பக்கத்தைச் சின்னப் பை மாதிரி ஒதுக்கித் தைத்துவிடுகிறார், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடும், நீ கிளம்பி வா. எங்கள் தொழிலில் இதற்குப் 'பிடிப்பது' என்று பெயர். தொளதொளவென்று இருக்கும் ஜாக்கெட்டைப் பிடித்துத் தருவோமே, அதேதான். ஆனால் ஜாக்கெட் செத்துப்போகாது, நான் செத்துப்போகலாம். என் வீட்டுக்காரர், "குழந்தையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், நீ இருந்தாப் போதும்" என்று ஸ்டேஷன் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். அப்படியும் ரயில் ஏறிவிட்டேன்.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் டாக்டர் ஒரு தாளில் வயிற்றை வரைந்து, தையல் போகும் இடத்தைக் காட்டினார். அதைப் பார்த்ததும் பயம் போய்த் தொழில்புத்தி வந்துவிட்டது. ஒற்றைத் தையலா, இரட்டைத் தையலா? ஓரத்தில் எவ்வளவு விடுவார்? பிற்பாடு பிரிக்க வேண்டியிருந்தால் கிழியாமல் பிரியுமா? மைனி ஒவ்வொன்றையும் இந்தியில் கேட்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நீளமாக ஏதோ சொன்னார். மைனி சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்குச் சொன்னாள்: "'இன்னும் ஒரு கேள்வி கேட்டா, வயித்தை விட்டுட்டு வாயைத் தைச்சிருவேன்'னு சொல்லுதாரு."

குடிப்பதெல்லாம் கணக்கில் வராது

ஊருக்குத் திரும்பினேன். அரை இட்லியைப் பிய்த்துப் பிய்த்து, மென்று மென்று, ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வெட்டுகிற நேரம் சாப்பிடுவேன். அதற்குமேல் ஒரு விள்ளல் போனாலும் வாசலுக்கு ஓட வேண்டும். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, மனசு கேட்கவில்லை. பச்சை உடம்பு, சோறும் இறங்கவில்லை, தெம்புக்கு என்ன செய்வது? பால் பாயசம் வந்தது. கருப்பட்டி போட்ட பருத்திப்பால் வந்தது. பதநீர் வந்தது. எல்லாம் தண்ணீரானதால் தையலைப் பற்றிக் கவலைப்படாமல் வழுக்கிக்கொண்டு இறங்கின. மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்த எடை அப்படியே நின்றுவிட்டது.

எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து மைனியைக் கூப்பிட்டேன். அவள் போலீஸ் மாதிரி விசாரித்தாள். நான் பதில் சொல்லுமுன் பக்கத்தில் நின்ற அத்தை ரிசீவரைப் பிடுங்கி, பம்பாய்க்கே கேட்கிற மாதிரி கத்தினார்: "கர்த்தர் சாட்சியாச் சொல்லுதேன், ஒரு வாய் அதிகமாத் திங்கலை! குடிக்கத்தான் செய்யுதா!"

ஆரஞ்சுப் பழம்

பாயசம் நின்றது, எடை மறுபடி இறங்கியது. அதோடு தலைமுடியும் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. கன்னம் ஒட்டியது. முன்பெல்லாம் சோப்புப் போட்டு ஏற்றிய வளையல், கையைத் தூக்கினால் முழங்கை வரை ஓடியது. ஊர் கூடி யோசித்தது. சிலர் சர்க்கரை என்றார்கள். சிலர் காசம் என்றார்கள். பம்பாய் போய் வந்தவள் என்பது ஞாபகம் வந்ததும், சிலர் குரலைத் தாழ்த்தி 'அந்த நோய்' என்றார்கள். அந்த வார்த்தை காதில் விழுந்த அன்று கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டில் போய் அழுதேன். சர்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மரணப் படுக்கையில் இருக்கும் சகோதரி எஸ்தருக்காக ஒரு பெரியவர் உருகி ஜெபித்தார். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எஸ்தராகிய நானே ஆமென் சொன்னேன். வேறு என்ன செய்ய?

அந்த வாரம் பத்தமடையிலிருந்து ஓர் அக்கா வந்தார். மகள் கல்யாணத்துக்காக ஒரு பை நிறைய ஜாக்கெட் துணி கொடுத்திருந்தவர். கையில் ஆரஞ்சுப் பழம். ஆஸ்பத்திரிக்கு வந்தவர் மாதிரி மெதுவாக உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. நோய் ஒன்றும் இல்லை, இளைப்பதற்காக நானே போய்ச் செய்துகொண்ட ஆபரேஷன் என்று, டாக்டர் எனக்குப் போட்ட அதே படத்தைத் துணி வெட்டும் சாக்கட்டியால் பலகையில் போட்டு விளக்கினேன். படத்தையும் பார்த்தார், என் கன்னத்தையும் பார்த்தார். பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு எழுந்தார். "நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும் எஸ்தரு. எதுக்கும் எம்மவ ஜாக்கெட்டை வெள்ளிக்கிழமைக்குள்ள தைச்சுக் குடுத்திரு, என்னா?"

களி

ஒரு காலையில் ஒரு கல்லூரிப் பெண்ணுக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். அடிவயிற்றில் சுருக்கென்றது. முந்தின மாதமும் இப்படித்தான் வந்திருந்தது. அப்போது நம்பவில்லை, தப்பித் தவறி வந்தது என்று விட்டுவிட்டேன். இப்போது மாத்திரை இல்லாமல், யார் காலிலும் விழாமல், தானாகத் தேதி பார்த்து மறுபடி வந்திருக்கிறது! டேப்பைக் கீழே போட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன்.

ரோஸ்லின் ஓடிவந்தாள். சொன்னேன். ஒரு நிமிஷம் என்னைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் திரையை விலக்கி, காத்திருந்த அத்தனை பேரையும் பார்த்துச் சத்தமாக அறிவித்தாள்: "எல்லாரும் மத்தியானத்துக்கு மேல வாங்க! எங்கக்கா முப்பத்திமூணு வயசுல பெரிய மனுஷி ஆயிருக்கா, உளுந்தங்களி கிண்டணும்!"

டீச்சர் அம்மாவின் துக்கம்

நான் ஒன்றும் ஒல்லிக்குச்சி ஆகிவிடவில்லை. எடை ஓர் இடத்துக்கு வந்து நின்றுகொண்டு, இதற்குமேல் வரமாட்டேன் என்றுவிட்டது. தாடை முடி இன்னும் இருக்கிறது. நீர்க்கட்டியும் முழுசாகப் போகவில்லை என்றார்கள். உடம்பு தேற வேண்டும், உடனே குழந்தை வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் காத்திருந்தோம். அப்புறம், வேளை வந்தபோது, என் வயிறு மெல்ல மேடிட ஆரம்பித்தது. முதல் சில மாதம் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்பது அத்தையின் உத்தரவு.

அந்த நேரம் பார்த்து, என் ஆபரேஷன் கதையை ஏற்கெனவே கேட்டிருந்த டவுன் டீச்சர் அம்மா வந்தார்கள். நான் எழுந்து டேப்பை எடுத்தேன். அவர்கள் பார்வை என் முகத்திலிருந்து இறங்கி வயிற்றில் நின்றது. உத்தரவை நினைத்து வாயை இறுக்கிக்கொண்டேன். ரோஸ்லின் சிரிப்பை மறைக்க முகத்துக்கு நேராகத் துணியை விரித்துப் பிடித்தாள். டீச்சர் அம்மா என் தோளைத் தட்டிக்கொடுத்து, நிஜமான துக்கத்தோடு சொன்னார்கள்: "அடப் பாவமே, தையல் விட்டுப் போச்சா! நீயே ஒரு டெய்லரு, நல்ல நூலாப் போட்டுத் தைங்கன்னு அங்கன சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

இப்போதெல்லாம் யாராவது என்னைப் பார்த்து "இளைச்சிட்டியே" என்றாலும் சரி, "பூசினாப்ல இருக்கியே" என்றாலும் சரி, நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: லைனிங் வேணுமா, வேண்டாமா?