கொறவுண்டு என்று சொன்னார்கள்

எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவார்கள், "கொறவுண்டா?" என்று. நோய் குறைந்திருக்கிறதா என்று பொருள். உள்ளிருந்து "கொறவுண்டு" என்று குரல் வந்தால் நல்ல சேதி. நாற்காலியை இழுத்துப் போட்டு நிம்மதியாக உட்காரலாம். பாறசாலையிலும் அப்படித்தான், எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் களியக்காவிளையிலும் அப்படித்தான். அதே சொல் சென்னைக்குப் போய்ச் சேரும்போது ஒரு முறையீடாக மாறிவிடும் என்பதை மொழியியல் படித்த நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

குன்னத்துகால் பக்கம் எங்கள் சபைக்கு ஒரு கூடம் உண்டு. அங்கே வாரத்தில் ஒருநாள் மத்தியானம் முட்டுவலிக்காரர்களுக்கு ஓர் உடற்பயிற்சி வகுப்பு நடந்தது. சென்னையிலிருந்த ஓர் ஆய்வுக் குழுவின் ஏற்பாடு. ஆஸ்பத்திரிக்கு அலையாமல் ஊரிலேயே சேர்ந்து பயிற்சி செய்தால் வலி குறையுமா என்று பார்ப்பது அவர்கள் நோக்கம். காரக்கோணத்திலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் ஸ்கூட்டரில் வருவார், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பெண்கள் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அம்மா தையல்காரி. வருஷக்கணக்காக மெஷின் மிதித்து இரண்டு முட்டும் போய்விட்டிருந்தன. வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நாளில், ஒரு ஜாக்கெட்டை முடிக்கும்வரை எழுந்திருக்காமல் தைத்தாள். பக்கத்து வீட்டுச் சேச்சியும் அவளோடு போவாள். சேச்சிக்குக் காலைவிட வாய் நன்றாக வேலை செய்யும்.

"டீச்சரே, காலத் தூக்கச் சொல்லுதிய, செரி. தூக்குன காலு கீழ வராட்டா யாராக்கும் பொறுப்பு?"

"அப்படியே வீட்டுக்குக் கொண்டு போங்கோ சேச்சி" என்பார் டீச்சர். கூடமே சிரிக்கும்.

அந்த ஆய்வுக் குழு உள்ளூரில் பேட்டி எடுக்க ஆள் தேடியது. தனுவச்சபுரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டுச் சும்மா இருந்த நான் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். மனிதர்களின் பேச்சைப் பதிவு செய்து அப்படியே எழுத்தாக்குவது! இதற்குச் சம்பளமும் தருகிறார்களே என்றிருந்தது எனக்கு. சொந்த அம்மாவைப் பேட்டி காணக் கூடாது என்பது விதி. மற்ற எல்லோரையும் நான்தான் பார்த்தேன். "வகுப்புக்கு வர ஆரம்பிச்ச பொறவு எப்பிடி இருக்கு?" என்று கேட்பேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். சேச்சி மட்டும் கொஞ்சம் நீட்டினாள்.

"கொறவுண்டு பிள்ளே. நல்ல கொறவுண்டு. எளுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். சொன்னது சொன்னபடி, அவள் வாய் அசைந்தபடி. பேச்சைத் திருத்தி எழுதக் கூடாது என்பது நான் படித்த படிப்பு. சென்னையிலிருந்து ஓர் அறிவுறுத்தலும் வந்திருந்தது: கேள்விகள் எல்லோருக்கும் ஒன்றுதானே, அவற்றை நீக்கிவிட்டுப் பதில்களை மட்டும் அனுப்பினால் போதும். எனக்கும் அது வசதியாகவே பட்டது. பக்கம் சுத்தமாக இருந்தது.

அங்கே யாரோ ஒருவர், தன் வேலையை ஒழுங்காகச் செய்கிற ஒருவராகத்தான் இருக்கும், என் கொச்சைத் தமிழை நல்ல தமிழாக்கினார். "நல்ல குறைவு உண்டு." எதைப் பற்றிய பதில் என்பது பக்கத்தில் இல்லை. வகுப்பைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். அறிக்கை வந்தது. பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் வகுப்பில் குறைகள் இருப்பதாகத் தெரிவித்தனர் என்று அதில் ஒரு வரி. அந்த வரியைப் பார்த்து நான் முதலில் சிரித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது. அடுத்த பத்தியில், எங்கள் ஊர் வகுப்பை நிறுத்திவிட்டு வேறொரு மாவட்டத்துக்குக் கொண்டுபோகப் பரிந்துரைத்திருந்தார்கள்.

உடனே சென்னைக்குப் போன் செய்தேன். ஒருங்கிணைப்பாளர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா எழுத்தாக்கம் முடிஞ்சதும் ஆடியோவை அழிக்கணும்னு விதி. அழிச்சாச்சு. இப்ப நீங்க வாயால சொல்றதை நான் எங்க சேர்க்கிறது?"

"அந்த வார்த்தைக்கு அர்த்தமே வேற சார். எங்க ஊருல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"யாரைக் கேட்டாலும்னு அறிக்கையில எழுத முடியாதேம்மா."

அவர் மீது கோபப்பட முடியவில்லை. பேசினவர்களின் அந்தரங்கத்தைக் காக்கத்தான் அந்த விதி. நல்ல விதிதான்.

திருவனந்தபுரத்தில் புள்ளியியல் ஆராய்ச்சி செய்யும் அண்ணனிடம் புலம்பினேன். எந்த ஆய்விலும் பிழை இருக்கும், கூட்டிக் கழித்தால் சரியாகிவிடும் என்று அவன் அடிக்கடி சொல்வான். அன்று அதைச் சொல்லவில்லை.

"பிழை அங்கேயும் இங்கேயும் சிதறினாதான் பிள்ளே ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டும். இங்க எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்லியிருக்காங்க. நூறு பேரைக் கூடச் சேர்த்தா நூறு பேரும் அதே பக்கம்தான் சாயுவாங்க."

தாவரவியல் படிக்கும் தோழி ஒருத்தி உண்டு. காய வைத்த இலையைத் தாளில் ஒட்டினால், எந்த ஊர், எந்த மேடு, வெயிலா நிழலா, பக்கத்தில் என்ன வளர்ந்தது என்று எல்லாவற்றையும் அதன் கீழே எழுதுவாள். எழுதாத இலையை அவர்கள் வாங்கி வைப்பதே இல்லையாம். "அது வெறும் சருகாக்கும், தூரக் களைவோம்" என்றாள் பஸ்ஸில் வரும்போது. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வகுப்பு நின்ற விஷயத்தை அம்மா டீச்சரிடமிருந்துதான் தெரிந்துகொண்டாள். நீங்கள் எல்லாரும் குறை சொல்லியிருக்கிறீர்களாம் என்று அவர் கண் கலங்கினாராம். அம்மாவுக்குச் சந்தேகம் நேரே சேச்சி மீது போயிற்று.

"அக்கா, ஒங்க வாய்தான். அந்தப் பிள்ளையெக் கேலி பண்ணிக் கேலி பண்ணி, இப்போ பாத்தியளா?"

"ஏட்டி, நான் குறை சொன்னேனா? ஒனக்க மகளுதானே எளுதினா, அவகிட்டக் கேளு!"

நடுவில் புகுந்து விளக்கினேன். குறைவு, குறை, எல்லை, மாற்றி எழுதியது, எல்லாவற்றையும். சேச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

"பின்னே நீ அங்க இருந்தியே மக்கா. ஒனக்குத் தெரியுமே."

"தெரியும்மா."

"அப்போ டீச்சர்கிட்டப் போய்ச் சொல்லு. அவ மனசாவது ஆறட்டு."

மறுநாளே காரக்கோணத்துக்குப் போனேன். டீச்சர் நம்பினார், சிரிக்கவும் செய்தார். ஆனால் அதற்குள் கோயம்புத்தூரில் ஒரு வேலைக்கு ஒப்புக்கொண்டிருந்தார். "சாரமில்ல, போனாப் போட்டு, ஒங்க பேருல தப்பில்ல" என்றார். எழுதியதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. தப்பிருந்தால் திருத்தியிருக்கலாம்.

இப்போது அம்மா மறுபடியும் பாதி ஜாக்கெட்டில் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அவளை உட்கார வைத்து, போனில் ஒரு காணொளியைப் போட்டு, நானே பயிற்சி கொடுக்கப் பார்த்தேன். காலை நீட்டினாள், மெல்ல உயர்த்தினாள், பாதியில் முகம் சுருங்கியது.

"நிறுத்தணுமா, இன்னும் தூக்கணுமா?"

காணொளிக்காரர் தன் பாட்டுக்கு அடுத்ததற்குப் போய்விட்டிருந்தார். அது தாங்கிக்கொள்ள வேண்டிய வலியா, நிறுத்த வேண்டிய வலியா? டீச்சராக இருந்தால் முகத்தைப் பார்த்தே சொல்லியிருப்பார். வாரக்கணக்காக அந்த முகத்தைப் பார்த்தவர் அவர்.

"தெரியலையேம்மா" என்றேன்.

அம்மா காலைக் கீழே இறக்கினாள். தைக்க வேண்டியது நிறையக் கிடக்கிறது என்று எழுந்து போனாள்.